மூன்று முறை ஒத்துப்போகாத கையெழுத்து

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று கலங்காதே, வலது கையால்தான் எழுதுகிறேன், பத்து வரிக்கு ஒரு தடவை கையை உதறிவிட்டு மறுபடி பேனாவைப் பிடிக்கிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். நீ அனுப்பிய படிவத்தைப் பற்றித்தான் விஷயம். இனி என் வங்கிக் கணக்கை நீயே அங்கிருந்து நடத்துகிறாய், நான் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு வங்கியில் கொடுத்தால் போதும் என்று எழுதியிருந்தாயே, அது.

ஆறு மாதத்துக்கு முன்பு நம் சலவைக் கடையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்ததும் வலது மணிக்கட்டில் தகடு வைத்ததும் உனக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்ததை நான் முழுதாகச் சொல்லவில்லை. சோப்புக்காரருக்குக் கொடுத்த செக் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. நேரில் போய் கவுன்ட்டர் பெண் கண்ணெதிரே போட்டேன், அதுவும் ஒத்துப்போகவில்லை. சரி, புதுக் கையெழுத்தைப் பதிந்துகொள்ளுங்கள் என்றால் ஒரே மாதிரி மூன்று போட வேண்டுமாம், என் விரல்கள் போட்ட மூன்றும் மூன்று பேர் போட்ட மாதிரி இருந்தன. அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள், “வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா” என்றாள். இருபத்திரண்டு வருஷமாகக் கடை நடத்துகிறவளிடம் சொல்கிற பேச்சா இது? வீட்டுக்கு வந்து அழுதேன். அந்த வாரம்தான் உன் படிவம் வந்தது. முதலில் கோபம் வந்தது, பிறகு இனி நமக்கு எதற்கு இந்த வம்பு என்று தோன்றிவிட்டது. உன்னிடம் மறைப்பானேன், மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் பார்த்தாள், இப்படியும் அப்படியும் திருப்பினாள், “இதுவும் ஒத்துப்போகலியேம்மா” என்றாள்.

கணக்கைத் தாரை வார்த்துக் கொடுக்கக்கூட என் கை தேறவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அங்கேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அவளும் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு, “கையெழுத்துதானேம்மா மாறிடுச்சு, முகம் மாறலியே, போனைக் குடுங்க” என்றாள். வங்கி ஆப்பை அதில் ஏற்றி முகத்தைக் காட்டச் சொன்னாள், கண்ணைச் சிமிட்டச் சொன்னாள், பெருவிரலை வைக்கச் சொன்னாள். பத்தே நிமிஷம். அத்தனை மாதமாக எனக்குத் திறக்காத என் பணம் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “கவுன்ட்டர்ல இருக்கற பொண்ணு நாலு கேள்வி கேப்பா, இது எதையாவது கேக்குமா, நீ தப்பா அமுக்கினாலும் சரின்னுதானே சொல்லும்” என்றார். அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, மறு வாரமே சோப்புக்காரருக்குப் பணம் அனுப்பும்போது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அமுக்கினேன், இரண்டு தடவை போய்விட்டது. நேர்மையாக நின்றபோது கவுன்ட்டர் மூன்று தடவை மறுத்தது, தப்புச் செய்தபோது போன் ஒரு தடவைகூட மறுக்கவில்லை, அது உண்மைதான். சோப்புக்காரர் நல்ல மனுஷர், அடுத்த மாதச் சரக்கை முன்னதாகவே இறக்கிவிட்டுப் போனார். அப்பா இரண்டு நாள் அந்த மூட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்றாம் நாள் அவர் சிரிப்பு மாறியது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன், தேன் தடவின குரல், வங்கியிலிருந்து பேசுகிறேன், உங்கள் கணக்கை மூடப்போகிறோம், போனுக்கு வந்த ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள் என்று. நான் படு மரியாதையாகச் சொன்னேன், “சார், உங்க குரல் எங்ககிட்ட இருக்கற குரலோட ஒத்துப்போகலியே, போட்டோ ஒட்டின அடையாள அட்டையோட பத்துலேருந்து ரெண்டு மணிக்குள்ள நேர்ல வாங்க, வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க.” அவன் லைனை வைத்துவிட்டான். அப்பாவுக்குப் புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது பெரிய செய்தி. நர்சுகள் விடுதியின் படுக்கை விரிப்புகள் மொத்தமும் நமக்கு வரும், ஆனால் இன்னொரு உலர்த்தும் மெஷின் இருந்தால்தான் தருவோம் என்றார்கள். போன வியாழன் மூன்றரை மணிக்கு மெஷின் விற்பவர் கூப்பிட்டு, வேறொருவர் பணத்தோடு நிற்கிறார், நாலு மணிக்குள் முன்பணம் வராவிட்டால் கொடுத்துவிடுவேன் என்றார். நான் ஈரத் துணிக் குவியல் நடுவே நிற்கிறேன். பெருவிரல் ஊறிப்போயிருக்கிறது, போன் அடையாளம் தெரியவில்லை என்கிறது. இஸ்திரி போடும் அக்கா சூடான துண்டை எடுத்து என் விரலை அழுத்தித் துடைத்தாள், மறுபடி வைத்தேன், திறந்தது. கணக்கு எண்ணை இரண்டு தடவை சத்தமாகப் படித்தேன், ஒரே தடவை அமுக்கினேன், வட்டம் சுற்றியது, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்று ஐம்பதுக்கு அவரே கூப்பிட்டு வந்துவிட்டது என்றார். வெள்ளிக்கிழமை மெஷின் இறங்கியது, திங்கட்கிழமை முதல் விரிப்புகள் வருகின்றன. கடையில் நிற்க இடமில்லை, எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் கண்ணு.

உன் படிவத்தைக் கிழித்துவிட்டேன். நீ பாசத்தால்தான் அனுப்பினாய், தெரியும், ஆனால் என் கை ஒடிந்ததை நானே ஒடிந்துபோனதாக நினைத்துவிட்டாய், அதுதான் வருத்தம், அதுவும் இப்போது போய்விட்டது. குழந்தைக்குச் சளி இருந்தால் ஈரத் தலையோடு வெளியே விடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஓடிபியை யார் கேட்டாலும் கொடுக்காதே, என் குரலிலேயே கேட்டாலும் கொடுக்காதே. மூவரும் நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருங்கள். ஒன்று மறக்காமல் செய், உன் கணக்கைத் திறந்து பார். ஆறு மாதமாக நீ எனக்குச் செலவுக்கென்று அனுப்பியது மொத்தமும் இன்று காலை திரும்ப வந்திருக்கும். தப்பாக அமுக்கியதல்ல, மூன்று பேருக்கும் டிக்கெட்டுக்காக. லீவு விட்டதும் கிளம்பு. என்னைப் பார்த்துக்கொள்ள வர வேண்டாம், பார்க்க வா.

இப்படிக்கு,
உன் அம்மா
(சலவைக் கடை முதலாளி)