மூன்று கேன் தெளிந்த தண்ணீர்

உப்புக் காற்றில் எப்போதும் கண் சிவந்திருந்த என் சூசை அண்ணாவுக்கு,

அன்று நான் சொல்லாமல் விட்டது மூன்றே வார்த்தை. "அது வடிகட்டின தண்ணி." இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். நீ எனக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தாய். புரபசர் உன்னைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிறுதொழில் சங்கத்தார் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். உழைப்பால் உயர்ந்தவர் என்கிற தோரணையில் எழுதினால் போதும், கூட ஒரு போட்டோ கொடுங்கள் என்றார் செயலாளர். உட்கார்ந்தேன், அது வரவில்லை. இதுதான் வந்தது. அச்சில் வந்தால் மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்.

மரக்காணத்து உப்பளங்களில் உப்பை வாரி எடுத்தபின் பாத்தியில் ஒரு கசப்புத் தண்ணீர் மிஞ்சும். அதைக் கடல் பக்கம் திறந்துவிட்டுவிடுவார்கள். பாண்டிச்சேரி மில்லில் பிட்டராக இருந்த நீ, வேலையை விட்டு வந்து, அந்தத் தண்ணீரிலிருந்து பேதியுப்பு எடுக்கப்போகிறேன் என்றாய். துணி மில்லுக்கும் தோல் பதனிடுகிறவர்களுக்கும் வேண்டிய சரக்கு அது என்று அம்மாவுக்கு எத்தனை தடவை விளக்கினாய்! கோயில் வாசலில் உன் சிநேகிதர்கள் விட்டார்களா? "ஏம்பா சூசை, ஊருக்கே வயித்தால போக வைக்கப் போறியாமே?" நீயும் சேர்ந்துதான் சிரித்தாய். இரண்டு தகரக் கொட்டகை போட்டு, பெயர்ப்பலகையை நீயே எழுதி மாட்டினாய். பி.எஸ்சி. வேதியியல் முடித்து வீட்டில் நாவல் படித்துக்கொண்டிருந்த என்னைக் கணக்கு நோட்டுக்கும் பரிசோதனை நோட்டுக்கும் பொறுப்பாக்கினாய். மனிதர்களோடு அதிகம் பேசவேண்டாத வேலை. அது எனக்குப் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும்.

பிறகுதான் அந்தத் திட்டம் வந்தது. ஒரு சிறு கம்பெனியும் ஒரு கல்லூரியும் சேர்ந்து விண்ணப்பித்தால், ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவிகளை அரசாங்கம் வாங்கித் தரும். சென்னையில் ஒரு வேதியியல் புரபசர் உன் கடிதத்துக்குப் பதில் போட்டார். அந்தத் தபால் அட்டையை நீ சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாய், வியர்வையில் மை கரையும்வரை. தண்ணீரைச் சூடான குழாய்ச் சுருளில் ஓட்டிக் கெட்டியாக்கிப் பிறகு ஆறவைப்பது அவருடைய முறை. அதை அவருடைய லேபில் சோதித்துப் பார்க்க நம் பாத்தித் தண்ணீர் மூன்று கேன் கேட்டிருந்தார். கூடவே நாம் நிரப்பித் தர ஒரு பாரம். "மாதிரி எடுக்கப்பட்ட நிலை" என்ற கட்டத்தில், "பாத்தியில் உள்ளது உள்ளபடி" என்று எழுதியது என் கைதான்.

கேனை நிரப்பியது கன்னியம்மா. இருபது வருஷமாகப் பாத்தியில் நிற்கிறவள், நம் கொட்டகைக்குத் தண்ணீர் திறந்துவிடும் பொறுப்பும் அவளுடையது. நம் அளத்து வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. யாராவது வெளியூரார் கேட்டால் மேலாக இருக்கும் வெள்ளை உப்பை மட்டும் வாரிக் கொடுப்பார்கள். அடியில் சேறு ஒட்டியதைக் கொடுத்தனுப்பினால் அது அளத்துக்கே கேவலம். கன்னியம்மா தண்ணீருக்கும் அதே மரியாதையைச் செய்துவிட்டாள்.

எனக்கு அது தெரியவந்தது கமிட்டி வந்த அன்று காலையில்தான். அதற்குள் லேபில் படிகம் பால்வெள்ளையாக விளைந்துவிட்டது. திட்டத்தின் கமிட்டி நேரில் பார்த்து ஒப்புதல் தர வந்துகொண்டிருந்தது. நீ சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாய். நான் பின்பக்கம் டம்ளர் கழுவும்போது கன்னியம்மா வந்து நின்றாள்.

"பாப்பா, வெள்ளையா வந்துச்சாமே உப்பு? சூசைத் தம்பி சொல்லிச்சு. வராம எங்க போவும்? புதுத் துணி வாங்கி நாலா மடிச்சு வடிகட்டி இல்ல அனுப்பிச்சேன்."

"வடிகட்டினியா?"

"பின்ன? சேத்தோடயா அனுப்புவாங்க? படிச்சவங்க. நாக்குல வச்சுக்கூடப் பாப்பாங்க. மரக்காணத்துக்காரி அழுக்குத் தண்ணி அனுப்பிச்சான்னு சொல்லிட்டா?"

அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கொஞ்சம் சேறுதானே என்று நினைத்தேன். வேதியியல் படித்தவள் அப்படி நினைத்தேன்.

கமிட்டியில் ஐந்து பேர், கூடப் புரபசர். எல்லோரும் கரைமேல் நின்று பாத்தியைப் பார்த்தார்கள். வெயில் ஏறியிருந்தது. கமிட்டித் தலைவர் ஏதோ கேட்க, புரபசர் உன் பக்கம் திரும்பி, "மிஸ்டர் சூசை, சாம்பிள் பாத்தியிலேருந்து அப்படியே எடுத்ததுதானே?" என்றார்.

"அப்படியேதாங்க சார்," என்றாய். உனக்குத் தெரிந்த உண்மை அது. நீ ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. பொய் நான் எழுதிய பாரத்தில் இருந்தது.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இந்த ஒரு வருஷமாக யோசிக்கிறேன். கன்னியம்மாவைக் காப்பாற்றவா? உன் முகம் வாடிவிடுமென்றா? ஆறு ஆண்கள் நடுவில் பேசும் கூச்சமா? எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். இதில் எது பெரியது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

ஒப்புதல் வந்தது. லேபில் கண்ட அளவுகளை வைத்துப் புரபசர் சுருளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார். மெல்லிய குழாய். தண்ணீரைத் தெளியவைக்க ஒரு தொட்டி வேண்டுமென்று யாருக்குத் தோன்றும், வந்த தண்ணீர்தான் ஏற்கெனவே தெளிந்திருந்ததே? ஒவ்வொரு வளைவையும் நீயே வெல்டிங் வைத்தாய். வெள்ளோட்டத்தன்று பங்குச்சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். இரண்டு மணி நேரம் ஓடியது. பிறகு குழாய் முனகியது. அப்புறம் நின்றுபோனது. ஆறவைக்கும் தொட்டியில் விழுந்த கொஞ்சம் உப்பும் பனைவெல்லத்தின் நிறத்தில் இருந்தது.

கழற்றிய குழாயிலிருந்து வழிந்த சேற்றைப் பார்த்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. புரபசருக்குத் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. லேபுக்குப் போனதும் இதே தண்ணீர்தான் என்று இருவரும் நம்பினீர்கள்.

"லேப்ல ஒரு தடவைகூட இப்படி ஆகலை, மிஸ்டர் சூசை. உங்க பைப் வேலையிலதான் ஏதோ கோளாறு," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

"இருக்கும் சார்," என்றாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த வேட்டியோடு கொட்டகையில் உட்கார்ந்து சைக்கிள் கம்பியால் குழாயைக் குடைந்துகொண்டிருந்தாய். "இந்த மூணாவது வளைவுதான் செசிலி. கொஞ்சம் உள்ள எறங்கிடுச்சு வெல்டிங். எங் கையால கெட்டுப்போச்சு. எவ்வளவு நம்பி வந்தாரு அந்த மனுசன்!" என்றாய்.

அப்போது நாம் இருவர்தான் இருந்தோம். கமிட்டி இல்லை, யாரும் இல்லை. நான் சொன்னது, "காபி ஆறிடும்ணா."

இரண்டாவது மௌனம்தான் அண்ணா என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. முதலாவதற்காவது ஏதேதோ காரணம் சொல்லிப் பார்க்கலாம்.

அந்த வாரமே அகலக் குழாய் வாங்கத் திண்டிவனம் போனாய். திரும்பும்போது, பஸ் பெருமுக்கல்லைத் தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். கண்டக்டர் வந்து சொன்னார். "அதுக்கு முன்னாடிகூட நல்லாத்தாம்மா பேசிட்டு வந்தாரு. 'கொழாய மிதிக்காதீங்க, காலேஜ் வேலைக்குப் போவுது'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தாரு." உன்னைக் கொண்டுவந்த வண்டியிலேயே குழாயும் வந்தது.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு திட்டத்தின் அறிக்கை பதிவுத் தபாலில் வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "தோல்விக்குக் காரணம், தொழிற்கூடத்தின் கைவேலைக் குறை." அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. "அண்ணனப் பத்தி நல்லதா எழுதியிருக்காங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது மூன்றாவது.

எனக்கு அந்த ஒரு வரி மாறவேண்டும். வேறெதையும் நான் கேட்கவில்லை. உன் கைவேலையில் குறை என்று ஓர் அலுவலக அலமாரியில் ஒரு காகிதம் சொல்லிக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. பல மாதம் கழித்துத்தான், போன மாதம், புரபசருக்கும் திட்ட அலுவலகத்துக்கும் நடந்ததை எல்லாம் எழுதினேன். தபாலில் போடுமுன் கன்னியம்மாவிடம் கேட்டேன். அவள் பாத்தியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நான் செஞ்சதுக்கா தம்பி தன்னையே திட்டிக்கிட்டுச்சு?"

"நீ மட்டும் இல்ல கன்னியம்மா. நான் தெரிஞ்சும் சொல்லல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எழுது பாப்பா. எம் பேரையும் போடு. ஆனா புதுத் துணின்னு போடு. கந்தல்ல வடிகட்டினேன்னு நெனச்சுடப் போறாங்க."

புதுத் துணி என்றே எழுதினேன். இந்த மலரிலும் அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

புரபசரிடமிருந்து பதில் கடிதம் வரவில்லை, அவரே வந்தார். கரையில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டி, பாத்தியில் இறங்கினார். கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பாத்து சார், கால் அரிக்கும்!" அவர் குனிந்து, கையால் அடியைக் கலக்கி, எழும்பிய சேற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கையை அலசிக்கொண்டே அவர், "நானும் அன்னைக்கே எறங்கியிருக்கலாம். ஷூ போட்டிருந்தேன்," என்றார்.

இதைத்தான் நான் உனக்குச் சொல்ல ஆசைப்பட்டேன், அண்ணா. நம் ஒப்பந்தத்தில் யார் என்ன தருவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. கருவி அரசாங்கம், அறிவு கல்லூரி, இடமும் ஆளும் நாம். யார் யாரைப் பார்த்து, "நிச்சயமா? நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்று கேட்கலாம் என்பது எங்கேயும் இல்லை. நாம் அவர்கள் படிப்பை மதித்து வாயை மூடிக்கொண்டோம். அவர்கள் நம் வார்த்தையை மதித்துக் கரையிலேயே நின்றார்கள். இத்தனை மரியாதைக்கு நடுவில் சேற்றைப் பற்றிப் பேச ஆளில்லை. நான் படித்த புத்தகங்களில் ஆராய்ச்சி கண்ணாடிக் குடுவையில் தொடங்குகிறது. குடுவைக்கு முன்னால் ஒரு கேன் இருப்பதும், அதை நிரப்புகிறவளுக்கு ஒரு மானம் இருப்பதும் அவற்றில் வரவில்லை.

இங்கத்துச் சேதி சொல்கிறேன், கேள். கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தெளிவுத் தொட்டி கட்டியிருக்கிறோம். தண்ணீர் அதில் மூன்று நாள் நின்று, சேறு அடங்கியபின் சுருளுக்குப் போகிறது. தொட்டியிலிருந்து கொட்டகைக்கு வரும் குழாய், நீ திண்டிவனத்தில் வாங்கியது. போன செவ்வாய்க்கிழமை ஓட்டிப் பார்த்தோம். உப்பு வெள்ளையாக வரவில்லை, வெளிர் மஞ்சளாக வந்தது. ஆனால் மாலைவரை குழாய் அடைக்கவில்லை. மூன்றாவது வளைவைக் கையால் தொட்டுப் பார்த்தேன். சூடாக, சீராக ஓடிக்கொண்டிருந்தது. உன் வெல்டிங்கில் ஒரு சொட்டுக் கசிவில்லை.

மஞ்சள் ஏன் என்று கண்டுபிடிக்க, தன்னிடம் எம்.எஸ்சி. படிக்கும் ஒரு பெண்ணை அனுப்புகிறேன் என்றிருக்கிறார் புரபசர். திட்டம் முடிந்துவிட்டதால் இது கல்லூரிக்கும் நமக்கும் மட்டுமான ஏற்பாடு. கன்னியம்மா இப்போதே சட்டம் போட்டுவிட்டாள். "அந்தப் பொண்ணும் செருப்பக் கழட்டிட்டு எறங்கட்டும். அப்பறந்தான் தண்ணி தருவேன்."

உனக்கு நான் தரும் வாக்கு சின்னதுதான். இனி இந்தக் கொட்டகையிலிருந்து போகும் ஒவ்வொரு கேனையும் நிரப்பும்போது நான் பாத்தியில் நிற்பேன். சீட்டில் எழுதுமுன் கண்ணால் பார்ப்பேன். கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தாலும், தெரிந்ததைச் சத்தமாகச் சொல்வேன். அம்மாவிடமும் அந்த வரியை நேற்று தமிழில் படித்துக் காட்டிவிட்டேன். அழுதாள். பிறகு, "அவன் கைவேலையையா?" என்று மட்டும் கேட்டாள்.

திட்ட அலுவலகத்திலிருந்து இன்று காலை பதில் வந்தது. கோப்பு முடிக்கப்பட்டுவிட்டதால் அறிக்கையில் திருத்தம் செய்ய இயலாது என்று எழுதியிருக்கிறார்கள். அதே தபாலில் புரபசர் தன்னிடமிருந்த பிரதியை எனக்கு அனுப்பியிருந்தார். கடைசிப் பக்கத்தில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் "மாதிரி வடிகட்டப்பட்டது. நான் நேரில் பார்க்கவில்லை," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைக் கன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு இருவரும் பாத்தியில் இறங்கி, புரபசரின் லேபுக்கு அனுப்ப, சேற்றோடு மூன்று கேன் நிரப்பினோம்.

காபியைப் பற்றி மட்டும் பேசிய உன் தங்கை,
செசிலி