பனி வழிக்கிற வண்டி

ஆர்ச்வே, லண்டன்
30.10.1990

அன்பின் மச்சாளுக்கு,

சந்திரவதனா எழுதுவது. எங்கள் மூவருக்கும் காய்ச்சல், தடிமன் ஒன்றுமில்லை; அந்த அளவில் நலம். நீங்களும் இராஜேந்திரன் அண்ணையும் பிள்ளைகளும் ரொறன்ரோவில் சுகமாயிருக்க வேண்டுமென்று கந்தசஷ்டி முழுக்க இங்கே மலைமேல் கோயிலில் முருகனிடம் கேட்டுக்கொண்டேன்.

அந்த விரதத்திலிருந்தே தொடங்குகிறேன். என்னுடைய கோபமும் அங்கேதான் தொடங்கியது. சூரன்போர் அன்று காலை தலைக்குக் குளித்துவிட்டுக் குசினிக்குள் போனால், சாமிப் படத்துக்கு நேர் கீழே ஒரு வாகனப் பற்றரி இருக்கிறது. அதைச் சுற்றி என்னுடைய தலை துவட்டுகிற நல்ல துவாய், கிறீஸ் பூசியபடி. வெளியில் வைத்தால் குளிருக்குச் சார்ஜ் இறங்கிவிடுமாம். “சாமிக்குப் பற்றரி என்ன செய்யுது? அதுபாட்டுக்கு இருக்கட்டும்” என்கிறார் உங்கள் தம்பி. விரத நாளில் வாய் திறக்கக் கூடாதென்று பேசாமல் இருந்தேன். இப்போது விரதம் முடிந்துவிட்டது, எழுதுகிறேன்.

உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. சித்திரை மாதம் இவர் ஒரு பிக்கப் வாங்கினார். வாங்கினார் என்பதைவிட இழுத்து வந்தார் என்பதுதான் சரி. ஃபாரஸ்ட் கேட்டில் றெஜினோல்ட் என்று ஒரு மன்னார்ப் பெடியன் கராஜில் வேலை செய்கிறான். அந்தக் கராஜுக்குப் பின்னால் யாரோ விட்டுவிட்டுப் போன வண்டி அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கயிறு கட்டி லண்டனுக்குக் குறுக்கே இழுத்து வந்து எங்கள் வாசலில் விட்டார்கள். என்ன நிறமென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, எங்கே தொட்டாலும் துருதான். உள்ளே ஏறி இருந்தால் காலுக்குக் கீழே ரோட்டுத் தெரியுமாம்.

அதை நிறுத்த இடம் வேண்டுமென்று முன்மதிலை இடித்தார். மதிலோரம் நின்ற ரோசாக்கள் போய்விட்டன. நடைபாதையைத் தாண்டி வாகனம் ஏற்ற அனுமதி எடுத்தீர்களா என்று கவுன்சிலிலிருந்து கேட்டு எழுதினார்கள், அதற்கும் நான்தான் பதில் எழுதினேன். எங்கள் அருள்மலர் சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டிவருவதை விட்டுவிட்டாள். “அம்மா, ஆரும் கேட்டா அது டொய்ல் அங்கிளின்ர எண்டு சொல்லுங்கோ” என்கிறாள். டொய்ல் எங்கள் பக்கத்து வீட்டு ஐரிஷ்காரர், பென்ஷன் எடுத்துவிட்டு இருக்கிற மனிதர். அவர் பாவம், அந்தப் பழியையும் சிரித்துக்கொண்டே ஏற்கிறார்.

இவ்வளவும் எதற்கென்று கேட்பீர்கள். பனி வழிக்க! போன வருடம் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைக்குள் வைத்து நீங்கள் அனுப்பிய படம் நினைவிருக்கிறதா? இராஜேந்திரன் அண்ணை உங்கள் வீட்டு முற்றத்தில் தன்னுடைய பிக்கப்போடு நிற்கிறார், முன்னால் மஞ்சள் நிறத்தில் பனி தள்ளும் பலகை. அந்தப் படத்தை இவர் பின் ஷெட்டில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். அதே மாதிரி ஒன்று எங்களுக்கும் வேண்டுமாம். இங்கே அப்படிப் பலகை விற்பதில்லை. ஆகவே றெஜினோல்ட் ஒரு பழைய எண்ணெய்த் தாங்கியை வெட்டி வளைத்துக் கொடுத்தான். அதைச் சங்கிலி போட்டுத் தூக்கி இறக்க வேண்டும். சங்கிலி சரிவந்தால் கிளச் பிடிக்கவில்லை. கிளச் சரிவந்தால் ரேடியேட்டர் ஒழுகுகிறது. தேடி எடுத்து வந்த கியர்பொக்ஸ் வேறு ஏதோ வண்டியினுடையது. ஸ்டேஷனில் ரிக்கற் கொடுக்கிற வேலை முடிந்து வந்தால் தேத்தண்ணீர்கூடக் குடியாமல் அதற்குக் கீழே போய்ப் படுத்துவிடுகிறார். சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு கால்கள்தான் பதில் சொல்கின்றன.

இது கனடா இல்லையே மச்சாள். இங்கே பல வருடம் பனி என்ற பேரில் வந்து விழுவது மழையில் கரைந்து போகிற ஒன்றுதான். றெஜினோல்டும் என்னிடம் இரகசியமாய்ச் சொன்னான்: “அக்கா, நான் எத்தினை தரம் சொல்லிப்போட்டன், இது ரோட்டில ஓடுற வண்டி இல்லையெண்டு. அண்ணை கேக்கிறாரே?”

யார் சொன்னாலும் கேட்க மாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார். ஆனால் உங்கள் ஐயா கண்மூடிய 1987 தை மாதத்துக்குப் பிறகு நீங்கள் அவரோடு பேசியதில்லை. மாதத்துக்கு ஒருமுறை ரெலிபோன் எடுக்கிறீர்கள், என்னோடு பேசுகிறீர்கள், மகளோடு பேசுகிறீர்கள், வைக்கிறீர்கள். நீங்கள் எடுக்கிற நேரமெல்லாம் அவர் கதவடியில் வந்து நிற்பார். “அக்கா என்ன சொல்றா” என்பார். சுகமாம் என்பேன். தலையை ஆட்டிவிட்டு வண்டிக்குப் போய்விடுவார்.

ஒரு வரி அவருக்கு எழுதுங்கள். வண்டியை விடச் சொல்லி எழுதினாலும் சரி.

உங்கள் கடிதத்தைப் பார்த்திருக்கும்,
சந்திரா


ஆர்ச்வே, லண்டன்
14.2.1991

அன்பின் மச்சாளுக்கு,

மார்கழியில் நீங்கள் எனக்கு எழுதியது கிடைத்தது. “அந்தப் பழைய இரும்பை ஆரும் எடுத்துக்கொண்டு போகட்டும். அவன் சின்னனிலயே இப்பிடித்தான், ஒண்டைப் பிடிச்சா விடான்” என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு எழுதியிருந்தீர்கள், அவருக்கு அல்ல. நான் அதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. உங்களுக்கும் பதில் எழுதாமல் விட்டேன், கோபத்தோடு எழுத வேண்டாமென்று. இப்போதும் கோபம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

போன கிழமை பனி கொட்டியது. வளைகுடாச் சண்டையைக் காட்டிக்கொண்டிருந்த ரெலிவிஷனில் அதை நிறுத்திவிட்டுப் பனியைக் காட்டினார்கள். ரயில்கள் நின்றுவிட்டன. பெரிய ரோட்டுக்கு மட்டும் கவுன்சில் லொறி உப்புப் போட்டது. எங்கள் தெரு முட்டுச்சந்து, அதுவும் செங்குத்து. இதற்குள் எந்த லொறியும் வராது. காலையில் கதவைத் திறந்தால் படிகளைக் காணவில்லை.

உங்கள் தம்பியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விளையாட்டுப் போட்டிக்குப் போகிற பிள்ளை மாதிரி, ஸ்வெற்றரின் மேல் ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு, குசினியிலிருந்த பற்றரியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார். “அதை வைச்சிட்டு உள்ளுக்கை வாங்கோ, ஒருத்தரும் ஒரு இடமும் போகேல்லை” என்று யன்னலால் கத்தினேன். கேட்கவில்லை. வண்டி இருமியது, நின்றது, மறுபடி இருமியது. தெரு முழுவதும் நீலப் புகை. அதற்குப் பிறகு அது உண்மையாகவே ஓடியது மச்சாள். சங்கிலியை விட்டுப் பலகையை இறக்கினார். பனி சுருண்டு சுருண்டு ஒரு பக்கமாய் ஒதுங்க, கீழே கறுப்பாய் ரோட்டுத் தெரிந்தது. டொய்ல் வாசலில் நின்று கை தட்டினார். வண்டியைக் கண்ணிலும் காட்டக் கூடாதென்றிருந்த அருள்மலர் சப்பாத்தும் கொழுவாமல் வாசலுக்கு ஓடினாள். எனக்கும் சந்தோசமாய்த்தான் இருந்தது. அதை அவருக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

அரைவாசித் தூரம் போயிருப்பார். தெரு வளைகிற இடத்தில் பனிக்குள் மறைந்திருந்த நடைபாதை விளிம்பில் பலகை கொழுவிக்கொண்டது. ஒரு சத்தம். பலகை பிய்ந்து போய்விட, வண்டி சறுக்கிச் சுழன்று விளக்குக் கம்பத்தில் போய் இடித்து, தெருவுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் ரோட்டைத் திறக்கப் போன வண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. மேலே ஒருவரும் வர ஏலாது, கீழே ஒருவரும் போக ஏலாது.

சனம் மண்வெட்டியோடு வெளியே வந்தது. ஒருவரும் ஏசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாய் இருந்தது. அவர் மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. நான் போனேன். அந்த வண்டிக்குள் நான் ஏறியது அதுதான் முதல் தரம். நல்லாய் ஏச வேண்டுமென்றுதான் ஏறினேன். மதில், ரோசா, துவாய் எல்லாம் வாயில் இருந்தன.

அவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். “சந்திரா, இந்த இடம்தான்” என்றார்.

எனக்கு விளங்கியது. ஐயாவைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கிய இடம் அது.

மச்சாள், அந்தக் காலையை உங்களுக்கு ஒருவரும் முழுதாய்ச் சொன்னதில்லை. நான் சொல்லத் தொடங்கியபோது நீங்கள் கேட்கிற நிலையில் இருக்கவில்லை. இப்போது கேளுங்கள். ஐயாவுக்கு நெஞ்சு நோவென்றதும் அம்புலன்ஸுக்கு அடித்தோம். அவர்கள் உடனே வந்தார்கள். ஆனால் அன்றும் இதே மாதிரிப் பனி, தெருவின் அடியில் நின்றுவிட்டார்கள், சில்லுகள் சுழன்றனவே தவிர ஏறவில்லை. யன்னலால் பார்த்தால் அந்த வெளிச்சம் சுற்றிச் சுற்றித் தெரிகிறது. அவர்கள் நடந்து வரட்டும் என்று இவர் காத்திருக்கவில்லை. சாப்பாட்டு மேசைக் கதிரையில் ஐயாவை இருத்தி, என்னுடைய சேலையால் கட்டி, இவர் ஒரு பக்கமும் டொய்ல் ஒரு பக்கமுமாய்த் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இவருடைய காலில் செருப்பு மட்டும்தான். ஐயா சுய நினைவோடு இருந்தார். “மெல்லமாய்ப் போ தம்பி, விழுத்திப்போடாதை” என்றார். இவர் விழுத்தவில்லை. அந்த வளைவில் ஐயாவின் தலை சாய்ந்ததும் கதிரையை இறக்கினார்கள். கீழேயிருந்து ஏறி வந்த அம்புலன்ஸ்காரர் இருவரும் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார், இது வந்தபோது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே படுத்திருந்தாலும் தங்களால் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்று. நான் பக்கத்தில் நின்று கேட்டேன். உங்கள் தம்பியும் கேட்டார், ஆனால் நம்பவில்லை.

அன்றைக்கு நீங்கள் ரெலிபோனில் இவரிடம் கேட்டீர்கள்: “இஞ்ச இடுப்பளவு பனி விழுந்தாலும் விடிய முன்னம் வழிச்சுப் போடுறாங்கள். அங்க ஒரு முழங்கால் பனியைத் தாண்டி ஐயாவைக் கொண்டுபோக உனக்கு ஏலாமப் போச்சோ?” அப்பாவை இழந்த ஒரு மகள் கேட்ட கேள்வி அது. வரவும் ஏலாமல், முகத்தைப் பார்க்கவும் ஏலாமல், அவ்வளவு தூரத்தில் நின்று கேட்டீர்கள். நான் அதைக் குறையாக எடுக்கவில்லை. நீங்கள் அதை மறந்தும் இருக்கலாம். அவருக்கு அது காதுக்குள்ளேயே நிற்கிறது. பதில் சொல்லத் தெரியாமல் ஒரு வண்டியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

வண்டிக்குள் இருந்தபடி அவர் சொன்னார்: “அண்டைக்கு இது இருந்திருந்தாலும் இதிலதான் நிண்டிருப்பன் போல.” அதைச் சொல்லிவிட்டு அழுதார். செத்த வீட்டிலும் அழாத மனிதர். வெளியே ஆட்கள் வண்டியைத் தள்ளுவதற்கு நின்றார்கள். டொய்ல் அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி மறித்துக்கொண்டு நின்றார்.

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. நேற்று றெஜினோல்டுக்கு ரெலிபோன் எடுத்து, பலகையின் விளிம்புக்கு இரும்பைவிட ரப்பர் வைத்தால் கொழுவாதோ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்ட வேண்டும் போலிருந்தது. அவருக்குக் கோளாறு அந்த வண்டியில் இல்லை மச்சாள். அதை றெஜினோல்டால் திருத்த ஏலாது, என்னாலும் ஏலாது. நான்கு வருடம் முயன்று பார்த்துவிட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடுங்கள். மத்தியானம் அவர் வீட்டில் நிற்பார். நான் எடுக்க மாட்டேன், மகளையும் எடுக்க விட மாட்டேன். அவர்தான் எடுப்பார், உங்கள் குரல் கேட்டதும் பதறிப்போய் என்னைக் கூப்பிடப் பார்ப்பார். விடாதீர்கள். மன்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாம், ஐயாவின் பேச்சையும் எடுக்க வேண்டாம். தம்பி என்று ஒருமுறை கூப்பிடுங்கள். அதற்குமேல் உங்களுக்குப் பேச வராவிட்டாலும் பரவாயில்லை, அவருக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு பேரும் பேசாமலே லைனில் நில்லுங்கள். முந்தி வைத்துவிடாதீர்கள்.

அண்ணைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. முருகன் உங்கள் வீட்டை நல்லபடி வைத்திருக்கட்டும்.

உங்கள் தம்பியின் மனைவி,
சந்திரா