கறுப்பு ஒயரைக் கழற்றிவிடு

விஜயநகர், மைசூரு
பிப்ரவரி 16

அன்பு மகள் அஷ்வினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஹேமந்தும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்க எதற்குத் தபால் என்று சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுகிறாய், இந்த விஷயத்தை நிதானமாகப் படிக்க வேண்டும், கையால் போட்ட படமும் உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். ஏரியில் பனி உருகி ஏப்ரல் கடைசியில்தான் படகை இறக்குவோம் என்றாயே, அதற்குள் வந்து சேர்ந்துவிடும்.

நமக்கு வாராவாரம் மீன் கொண்டுவரும் தேவம்மா கபினி ஆற்றில் மீன் பிடிக்க புதிதாக ஒரு ஃபைபர் படகு வாங்கியிருக்கிறாள். பேட்டரி வைத்து விளக்கும், உள்ளே தேங்கும் தண்ணீரை இறைக்கிற பம்பும் மாட்டித் தரச் சொன்னாள். பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் ஒயர் இழுத்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று போன வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். பஸ்ஸில் செய்வது போலவே பேட்டரியின் கறுப்பு ஒயரை ஒரு போல்ட்டில் முறுக்கி, விளக்குக்குச் சிவப்பு ஒயரை மட்டும் இழுத்து, விளக்கின் இன்னொரு முனையைப் பக்கத்து போல்ட்டில் முறுக்கி சுவிட்சைப் போட்டேன். எரியவில்லை. பஸ்ஸில் இரும்பு உடம்பு வழியாகவே மின்சாரம் திரும்பிவிடும், ஃபைபரில் எப்படித் திரும்பும்? இதென்ன பஸ்ஸா சார், பாடி எர்த் குடுக்குறீங்களே என்று தேவம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. அவளுடைய பழைய அலுமினியப் படகில் யாரோ ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இதையேதான் செய்தாராம், விளக்கு ஜோராக எரிந்ததாம், தண்ணீரில் நிற்கும் தகட்டில் மின்சாரம் ஓடி ஓடி ஒரே வருஷத்தில் அடித்தகடு அரித்துப் பொடிப்பொடி ஓட்டையாகி, நடுத்தண்ணீரிலிருந்து குடத்தால் இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தாளாம்.

உன் படகும் அலுமினியம். பொங்கலன்று நீ வீடியோவில் காட்டி, விளக்குக்கு எப்படி ஒயர் இழுப்பது என்று கேட்டபோது, கறுப்பைப் பாடியிலேயே கொடுத்துவிடு, ஒயர் மிச்சம் என்று பெரிய மேதாவி போலச் சொன்னவன் நான்தான். அம்மாடி, அப்பா சொன்னது தப்பு. அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன், கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் கழித்து இதைக் கேட்க ஒரு படகு வேண்டியிருந்ததா என்கிறாள். படகு கரையில் இருக்கும்வரை பயமில்லை, ஆனால் இறக்கும் முன் அந்தக் கறுப்பு ஒயரைப் பாடியிலிருந்து கழற்றிவிடு. ஒவ்வொரு விளக்குக்கும் பம்புக்கும் சிவப்பும் கறுப்புமாக ஜோடியாக இழு, கறுப்பெல்லாம் பேட்டரிக்கே திரும்பட்டும். மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். பேட்டரியைப் பெட்டியில் வைத்துப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டு, அலையில் ஆடக் கூடாது. எல்லாம் முடிந்ததும் அங்கே படகு வேலை தெரிந்தவர் யாரிடமாவது காட்டு, என்னை மட்டும் நம்பாதே. தேவம்மா படகுக்கு நேற்று அப்படித்தான் ஜோடி ஒயர் இழுத்துக் கொடுத்தேன், விளக்கு பளிச்சென்று எரிந்தது, ஒரு பெரிய மீனை என் பையில் திணித்து அனுப்பினாள், அம்மா குழம்பு வைத்திருக்கிறாள், வாசனை எழுதவிடவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள், வலை நிறைய மீன் கிடைக்கட்டும், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் கால் வைக்காதீர்கள். ஒயர் கழற்றிய இடத்தைப் படம் பிடித்து அனுப்ப மறக்காதே. நீ ஸ்கூட்டர் பழகியபோது பின்னால் பிடித்துக்கொண்டே இந்த விஜயநகர் ரோடு முழுக்க ஓடி வந்தேன். தண்ணீரில் என்னால் ஓடி வர முடியாது கண்ணு.

உன் அப்பா,
சுப்பையா