சமையலறைச் சுவருக்குப் பச்சை

ஆம்பூர்
ஞாயிறு மாலை

அன்பு மகள் சஹருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன ஞாயிறு டைல்ஸ் கடையில் நான் சொல்லாமல் விழுங்கிய ஒரு வரியை முதலில் எழுதிவிடுகிறேன், சுகம் விசாரிப்பது அதற்குப் பிறகு. அந்தச் சுவருக்கு முன்னால் தினமும் நிற்கப்போவது நான். இதுதான் அந்த வரி. இப்போது கேட்கிறேன், அந்த ஊர்க் குளிரில் உன் தொண்டை எப்படி இருக்கிறது, சுடுதண்ணீர் குடிக்கிறாயா. இங்கே உன் அப்பா, தம்பி காஷிஃப், நான் மூவரும் இறைவன் அருளால் நன்றாக இருக்கிறோம். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அதனால்தான் காகிதம்.

புது வீட்டில் பூச்சு வேலை முடிந்து சமையலறை டைல்ஸ் வரைக்கும் வந்துவிட்டது. அப்பா, அவர் தம்பி மக்பூல் சச்சா, நான் மூவரும் கடைக்குப் போனோம். உன் அப்பா இருபத்தாறு வருஷமாக டேனரியில் தோல் தரம் பிரிக்கிற மனிதர், டைல்ஸையும் அப்படியேதான் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கடை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது, கட்டைவிரலால் தேய்ப்பது. ஒருமுறை பழக்கத்தில் ஓரத்தை மடக்கிப் பார்க்கவே கை போய்விட்டது, கடைக்காரர் சுஹேல், பாய் அது மடங்காது, ஒடையும் என்று சிரித்தார். கடைசியில் அவருக்குப் பிடித்தது தவிட்டு நிறத்தில், எருமைத் தோல் போலவே சுருக்கமும் மேடுபள்ளமுமாக இருந்த ஒன்று. கிரெய்ன் பாத்தியா, இன்னா ஃபினிஷ் என்று தடவித் தடவிப் பார்த்தார். முக்தார் பாய் கை வச்சா அதுக்கு மேல பேச்சு இல்ல என்றார் சுஹேல். நான் அப்போது கரும்பச்சையில் வழுவழுவென்று, முகம் மங்கலாகத் தெரிகிற ஒரு டைல்ஸைத் தொட்டுக்கொண்டிருந்தேன். சச்சா பார்த்துவிட்டார். இன்னா பாபி, கிச்சன் கட்றமா தர்கா கட்றமா, மேல போத்தறதுக்குப் பச்ச சாதர் வாங்கிட்டு வரட்டா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு என்னை அரித்தது அதுதான், நானும் சேர்ந்து சிரித்தது.

ஆனால் கிளம்பும்போது மாதிரிக்கு என்று இரண்டிலும் ஒவ்வொன்று கேட்டு வாங்கி வந்தேன். இங்கே வாடகை வீட்டு அடுப்புக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். ஆறு நாள் கறிக்குழம்பு, தாள்ச்சா, மீன் வறுவல் எல்லாம் அதன் முன்னால்தான், ஒருநாளும் துடைக்கவில்லை. நேற்று உன் அப்பா வீட்டில் இருந்தார். தவிட்டு டைல்ஸையும் தேய்க்கிற நாரையும் கையில் கொடுத்து, நீங்களே தேய்ங்க என்றேன். முதலில் சிரித்தார், பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அரைமணி நேரம் தேய்த்தார், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை வைத்தும் தேய்த்தார். அந்தச் சுருக்கங்களுக்குள் போன மஞ்சளும் எண்ணெயும் வரவே இல்லை. பச்சையை நான் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன், போயிற்று. உன் அப்பா நேர்மையானவர், அதை நான் எங்கேயும் மறுக்கமாட்டேன். சரி, தோலுக்கு வேற செவுத்துக்கு வேற, வழவழன்னே போட்டுக்கலாம், ஆனா க்ரீம் கலர் என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைப்பாய். எனக்கு அந்த நிமிஷம்தான் கோபம் வந்தது. பச்சைக்கு இன்னா காரணம், சொல்லு என்றார். சஹர், பத்தொன்பது வயதில் இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து நான் காரணம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நூலகத்தில் சேர ஒரு காரணம், உன்னை அவ்வளவு தூரம் படிக்க அனுப்ப மூன்று மாதம் சேர்த்து வைத்த காரணங்கள். படிக்கிற பழக்கம் இருக்கிறவளுக்குக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை, இதற்கும் பத்து சொல்லியிருப்பேன். வேண்டாம் என்று தோன்றியது. காரணம் ஒண்ணும் இல்லீங்க, எனக்குப் பிடிச்சிருக்கு என்றேன். வர்றவங்க சிரிப்பாங்க என்றார். சிரிக்கட்டும், சிரிச்சிட்டு இங்கதான சாப்புடப் போறாங்க என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இன்று காலை ஆட்டோ பிடித்துத் தனியாகக் கடைக்குப் போனேன். சுஹேல் தயங்கினார், பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடட்டுமா என்றார். தாராளமா கேளுங்க, கேட்டாலும் பச்சைதான் என்றேன். அவர் போனை எடுத்தார், என்னைப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார். ஆர்டர் புத்தகத்தில் முக்தார் பாய்னு எழுதிக்கிறேன் என்றார். வஜீதான்னு எழுதுங்க என்றேன். எழுதி முடிக்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

உன் அப்பாவுக்குப் போன் செய்து சமாதானம் பேசாதே, உனக்குத் தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளாதே. எனக்காக யாரும் பரிந்து பேசுவதை இந்த ஒரு விஷயத்தில் நான் விரும்பவில்லை. அப்புறம், இரவில் ரொட்டியோடு நிறுத்தாமல் சோறு வைத்துச் சாப்பிடு, தலை ஈரத்தோடு வெளியே போகாதே. அடுத்த மாதம் பத்தாம் தேதி காஷிஃபுக்குக் கணக்குப் பரீட்சை, மறக்காமல் அன்று காலையில் அவனிடம் இரண்டு வார்த்தை பேசு, என்னிடம் சொல்லாத பயத்தை உன்னிடம் சொல்வான். அல்லாஹ் நீ கால் வைக்கிற இடமெல்லாம் உனக்கு லேசாக்கித் தரட்டும், உன் படிப்பில் பரக்கத் தரட்டும்.

எந்நேரமும் உன் நினைவில் இருக்கிற
அம்மி
வஜீதா

பி.கு. தபாலில் போடுவதற்குள் வாரம் ஓடிவிட்டது. வியாழக்கிழமை நவநீதன் மேஸ்திரி பச்சை டைல்ஸை ஒட்டி முடித்தார். உன் அப்பா ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கிளம்பும்போது டீ கேட்டார், போட்டுக் கொடுத்தேன்.