கயிறு அடியில் இருந்தது

தணிகாசலம் அண்ணே,

அன்புள்ள என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நீ போய் எட்டு மாதமாகிறது, எனக்கு இன்னும் உன் மேல் கோபம்தான். ஊரே உன்னைப் புகழ்கிறது. திட்டுவதற்கு வீட்டில் ஓர் ஆளாவது வேண்டாமா?

உன் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆற்றோரக் குடிசைகளில் வெள்ளம் புகுந்தால் நம் நிவாரணக் குழு தூக்கிக்கொண்டு ஓடுவதற்காக நீ செய்த தகரப் பெட்டி. தேனாம்பேட்டைப் பட்டறையில் படம் வரைகிற உத்தியோகம் உனக்கு, ஆகவே இதற்கும் ஒரு படம் போட்டாய். மேலே பஞ்சு, கட்டுத்துணி, மருந்துப் புட்டிகள். நடுவில் டார்ச் லைட், தீப்பெட்டி, குளோரின் பவுடர். எல்லாவற்றுக்கும் அடியில் கயிறு. உள்ளே வைக்கும் பைகளைத் தைத்தவள் நான். படத்தைப் பார்த்து அடுக்கியவளும் நான்தான்.

"கயிறு மேல இருக்கட்டும்ணே" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். நினைவிருக்கிறதா? "கனமான சாமான் அடியிலதான் போவணும். உனக்கு இன்னா தெரியும், தைக்கிற வேலைய பாரு" என்றாய். கல்யாணத்துக்குப் புறப்படுகிறவன் டிரங்குப் பெட்டி அடுக்குகிற மாதிரி அடுக்கச் சொன்னாய். நானும் வாயை மூடிக்கொண்டு அடுக்கினேன்.

அன்றைக்குச் சைதாப்பேட்டைக் கரையில் நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. கன்னியப்பன் என்கிற பெரியவர் தன் குடிசைக் கூரை மேல் உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் தண்ணீர். "சரோஜா, கயிறு எடு" என்றாய். கொட்டுகிற மழையில் பஞ்சை எங்கே வைப்பது? புட்டிகளை எங்கே வைப்பது? ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். கயிறு அகப்பட்டு நிமிர்ந்தபோது நீ கரையில் இல்லை. இடுப்பில் கயிறு கட்டாமல் ஆற்றில் இறங்கியவனை வீரன் என்கிறார்கள். எனக்கு வாயில் வேறு வார்த்தை வருகிறது.

கன்னியப்பன் நன்றாக இருக்கிறார். சாயங்காலம் தண்ணீர் வடிந்ததும் தானாகவே இறங்கி வந்துவிட்டார். போன வாரம் மார்க்கெட்டில் என்னைப் பார்த்து அழுதார். "நான் கூப்புடவே இல்லம்மா. அவராவே வந்தாரு" என்றார். அந்த மனுஷனை வெறுக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. அந்த வெறுப்பும் உன் மேலேயே திரும்புகிறது.

அடுத்த மழைக்கு இன்னும் பத்துப் பெட்டி செய்யப் போவதாகச் சொன்னார்கள். மூடியில் உன் பெயர், உள்ளே அதே அடுக்கு. மயிலாப்பூரில் நம் குழுச் செயலாளர் வீட்டில் கூட்டம். "அவர் எப்படி அடுக்கி வச்சாரோ அப்படியே இருந்துட்டுப் போகட்டும்மா. அவர் ஞாபகத்தைக் கூடவே வச்சுண்ட மாதிரி இருக்கும்" என்றார் அவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்தேன்.

"இதுலேர்ந்து கயிறு எடுங்க சார். எங்க அண்ணன் கரையில நின்னுகினு கீறாரு" என்றேன்.

அவர் பஞ்சை எடுத்தார். புட்டிகளை எடுத்தார், வைக்க இடம் தேடினார். பாதியில் நிறுத்திப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "நீயே மாத்திக் கொடுத்துடும்மா" என்றார்.

மாற்றிவிட்டேன். தகரமே வேண்டாம். தோளில் மாட்டுகிற கித்தான் பை. கயிறு உள்ளேயே இல்லை, வெளியே ஒரு வளையத்தில் தொங்குகிறது, ஒரே இழுப்பில் கைக்கு வரும். உன் பெயரை எழுதவில்லை. கோபித்துக்கொள், எனக்குக் கவலையில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உனக்குத் தெரியாமல் அந்தக் கயிற்றை மேலே வைத்திருந்தால் நீ கண்டுபிடித்திருப்பாயா? அடுக்கியதை ஒரு நாளாவது திறந்து பார்த்தாயா? உன் படத்தின் மேல் உனக்கிருந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, உன்னிடமும் என்னிடமும்.

இந்த மழைக்கு முதல் பையை நான்தான் தூக்கப் போகிறேன். கயிறு கட்டாமல் யார் ஆற்றில் இறங்கப் பார்த்தாலும் சட்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் உட்காரவைப்பேன். இது சத்தியம். உன்னையும் அப்படிப் பிடித்து இழுத்திருப்பேன் அண்ணே. அன்றைக்கு என் இரண்டு கையிலும் உன் பஞ்சு இருந்தது.

நீ சொன்னபடியே அடுக்கிய தங்கை,
சரோஜா