உன் பேரில் வந்த கதை

உன் மகள் நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தாள். கதிரையில் இருக்கவுமில்லை, கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். மஞ்சளித்துப்போன தாள், நடுவில் கம்பிப் பின் துருப்பிடித்த கறை இரண்டு. உன் அலுமாரியில் சாரிகளுக்கு அடியில் இருந்ததாம். நான் அதைத் தொடவில்லை. எட்டி நின்றே என்ன தாள் என்று தெரிந்துவிட்டது.

“சாச்சி, உம்மா கதை எழுதிரிக்கா! பாருங்க, பேரும் போட்டு, கல்முனை எண்டு ஊரும் போட்டு வந்திரிக்கி. ஒரு நாளாவது எங்களுக்குச் செல்லிரிக்காவா பாருங்க!”

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நீ மௌத்தாகி, உன்னை அடக்கம் செய்து எட்டு மாதம், அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்க்கவேயில்லை. அவள் படிப்பிக்கிற பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். மாணவிகளுக்கென்று வந்த வாராந்தக் கதைப் பத்திரிகைகளின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம், அதில் எழுத்தாளர் என்று உன் பேர் வர வேண்டுமாம். ஓம் என்று தலையாட்டிவிட்டேன். எனக்குத் தலையாட்டத்தான் தெரியும் என்பது உனக்குத் தெரியாததா?

இன்று காலையில் கொப்பியை விரித்துக்கொண்டு இருந்தேன். வரலாறு என்னவோ சுகமாகத்தான் வந்தது. முதலில் பெரிய பத்திரிகைகளில் மாணவியருக்கென்று ஒரு மூலையில் ஒரு பக்கம். பிறகு தனியாகப் பதினாறு பக்கத்தில் வாராவாரம் ஒன்று. தொடர்கதை, மருதாணிக் கோலம், பரீட்சைக் கேள்விகள், பேனா நண்பிகள், முகப்பருவுக்கு வைத்தியம், கடைசிப் பக்கத்தில் வாசகிகளின் கதை. கடதாசி விலை ஏற ஏறப் பக்கம் மெலிந்தது. ஒன்று நின்றால் வேறு பேரில் இன்னொன்று வரும், அதுவும் ஒரு வருஷத்தில் நின்றுவிடும். சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினார்களே, அந்தத் தொடர்கதைப் பெண் கம்பசுக்குப் போனாளா, மாமன் மகனைக் கட்டினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதெல்லாம் கொழும்பில் நடந்த வரலாறு. எங்களுடையது வெள்ளிக்கிழமை வரலாறு. வியாழக்கிழமை பஸ்ஸில் பத்திரிகை வரும், உன் உம்மா மரக்கறியோடு சேர்த்து வாங்கி வருவா. நீ பின்னைக் கழற்றி நான்கு தாளாகப் பிரிப்பாய். நாங்கள் ஒரே வகுப்புக் கூட்டாளிகள் நான்கு பேர், ஆளுக்கொரு தாள், கணக்குக் கொப்பிக்குள் ஒளித்து வைப்போம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பை சோதிப்பா, மற்ற நாளில் பள்ளிக்கூடம் தவிரத் தெருவில் இறங்க ஏலாது. வெள்ளி ஜும்ஆவுக்கு ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போனதும் தெரு வெறிச்சோடிவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் வீடு வீடாய்ப் போய்த் தாளை மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்குக் கதையின் முடிவு முதலில் கிடைக்கும், தொடக்கம் அடுத்த கிழமைதான். குத்பாப் பிரசங்கம் முடிகிற சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டால் நான் விழுந்தடித்து ஓடுவேன். நீ கையை வீசிக்கொண்டு நடந்து வருவாய்.

“ஓடாத கா. ஓடினாத்தான் ஆக்கள் பாப்பாங்க” என்பாய்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. தாளோடு ஒரு நாள் கூடப்பிறந்த மூத்தவர் காக்காவிடம் பிடிபட்டேன். அவர் தாளை மட்டும் எரிக்கவில்லை, என் பள்ளிக் கொப்பிகளையும் சேர்த்துக் குசினி அடுப்பில் போட்டார். அதை உனக்கு மட்டும்தான் சொன்னேன். பிறகு அதையே பேர்களை மாற்றிக் கதையாக எழுதினேன். எழுதி முடித்தபின் அடியில் பேர் போட வேண்டும், ஊர் போட வேண்டும். என் பேரைப் போட்டால் காக்கா என்னை உயிரோடு விடமாட்டார். உன் வாப்பா சவூதியில், உனக்குக் காக்காவும் இல்லை. உன் வீட்டில் அடிக்க ஆளில்லை என்று நினைத்து உன் பேரைப் போட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. அச்சில் வரப்போவதில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

வந்துவிட்டதே! அந்தக் கிழமை உன் உம்மா சந்தைக்குப் போகவில்லை, பத்திரிகையை நாங்கள் காணவில்லை. வெள்ளிக்கிழமை நான் உன் வீட்டில் நிற்கிறேன். உன் மாமா, உம்மாவின் தம்பி, பள்ளிவாசலில் இருந்து நேரே வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. பத்திரிகையை உன் முன்னால் எறிந்தார்.

“இது நீ எழுதினதா? பள்ளியில வெச்சுக் கேக்கிறானுகள், மருமகள் உங்களப் பத்தித்தான் எழுதிரிக்காவா எண்டு. ஒரு பொம்புளப் புள்ளட பேரு கடைக்குக் கடை தொங்குது!”

நீ குனிந்து எடுத்து வாசித்தாய். அடுப்பில் கொப்பி எரிகிற இடம் வந்ததும் தலையை நிமிர்த்தி என்னை ஒரு தரம் பார்த்தாய். எழுதியவள் நான் பக்கத்தில் நிற்கிறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, ‘நான்’ என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“ஓம் மாமா. நான்தான்” என்றாய் நீ.

அவர் உன்னை அடிக்கவில்லை. கொடியில் காய்ந்த உன் பள்ளிச் சீருடையை இழுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அழுதுகொண்டு கேட்டேன். “உன்ட காக்கா உன்னக் கொன்று போட்டிருவார். என்ட மாமா சத்தம் மட்டும்தான் கா, விடு” என்றாய். அடுத்த வருஷம் உனக்குக் கலியாணம். நான் பரீட்சை எழுதிப் பாஸாகி, உத்தியோகம் பார்த்து, பென்சனும் எடுக்கிறேன். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலடியில் இருந்து, “அந்தக் கதை...” என்று தொடங்கினேன். “தண்ணி கொஞ்சம் தா” என்றாய். நான் தந்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கோழை!

இன்று லுஹர் தொழுதுவிட்டு உன் வீட்டுக்குப் போனேன். வழியில் இரண்டு தரம் திரும்பினேன். என்னிடம் சாச்சி சாச்சி என்று ஒட்டிக்கொண்டிருப்பது அந்த ஒரு பிள்ளைதான், அதையும் இழக்கப் போகிறேனே. கடப்பைத் திறந்து உள்ளே போய், நின்றபடியே சொல்லிவிட்டேன்.

“மகள், அந்தக் கதைய உம்மா எழுதல்ல. நான்தான் எழுதின. கேக்காம உம்மாட பேரப் போட்டன். உம்மாட மாமா வந்து கேக்க, உம்மா நான்தான் எண்டு செல்லிட்டா. அதாலதான் உம்மாட படிப்பு நிண்டது.”

உன் மகள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேட்டாள்: “அப்ப உம்மா ஒண்டும் எழுதல்லையா?”

“இல்ல மகள்.”

“நான் வகுப்பில புள்ளைகளுக்கெல்லாம் செல்லிட்டனே, சாச்சி.”

நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் கேட்டாள்.

“உம்மாட மாமா வந்து கேக்க, உம்மாவா நான்தான் எண்டு செல்லின?”

“ஓம்.”

“எங்கட உம்மாவா? அந்த மாமாட சத்தம் கடப்படியில கேட்டா உம்மா குசினிக்குள்ள போய் நிண்டிருவா. தேத்தண்ணிய ஊத்தி எங்கக்கிட்டத்தான் குடுத்து அனுப்புவா. ஊத்தக்குள்ள கை நடுங்கும், கோப்பைக்கு வெளிய சிந்தும். அவர் மௌத்தாகும்வரைக்கும் அப்பிடித்தான், சாச்சி.”

அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். போங்கள் என்று சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டுரையில் எழுதிவிட்டேன்: அந்தக் கதையை எழுதியது நான், என் பேர் இது, என் வாப்பாவின் பேர் இது. காக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பின்னேரத் தேத்தண்ணிக்கு என் வீட்டுக்குத்தான் வருகிறார். வாசலில் அவர் செருமினால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. மலர் வரும், அவரும் வாசிப்பார். வாசிக்கட்டும். பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இவ்வளவு காலமும் நான் நிம்மதியாகச் சாப்பிட்டதும் தூங்கியதும் எதை வைத்துத் தெரியுமா? நீ பயமில்லாதவள், உனக்கு அது பெரிய விஷயமில்லை என்று நினைத்துத்தான். இனி அந்த நினைப்பும் இல்லாமல்தான் நான் இருக்க வேண்டும்.