நம்ம வீட்டு டிரம்மும் நூத்திப்பத்து வீட்டுத் தண்ணியும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், இதைப் பத்து நாளைக்கு முன்னாடி எழுதச் சொல்லியிருந்தா பேனா நகர்ந்திருக்காது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். போன்ல என் குரல் சரியில்லையேன்னு கேட்டே, சளின்னு சமாளிச்சேன், விஷயம் இதுதான்.

மாசாமாசம் நம்ம குடியிருப்புத் தண்ணியை பாட்டில்ல பிடிச்சுப் பரிசோதனைக்கு அனுப்புவேன்ல, இந்தத் தடவை கழிவுக் கிருமி இருக்குன்னு முடிவு வந்துடுச்சு. பதினோரு வருஷமா இந்த மோட்டாரையும் தொட்டியையும் பார்த்துக்கிறேன், ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லை. சங்கத் தலைவர், இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம், அதுக்குள்ள ஊரைக் கூட்டாதீங்கம்மான்னார். பக்கத்து வீட்டுல பிறந்து இருபது நாளான குழந்தைக்குப் பவுடர் பால் கலக்குறாங்க, எனக்கு அதுதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. விதிப்படி முடிவு வந்த அன்னைக்கே சொல்லியாகணும் சார்னுட்டு, கொதிக்க வைக்காம குடிக்காதீங்கன்னு எழுதி நூத்திப்பத்து வீட்டுக் கதவுலயும் ஒட்டினேன், சுகாதார அலுவலகத்துக்கும் சொல்லிட்டேன். நம்ம தெருத் தையல்காரம்மா, எல்லாம் என் கவனக்குறைவுன்னு நினைச்சு, என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க.

அலுவலகத்துலேருந்து வந்த பொண்ணும் நானும் இடம் இடமா தண்ணி பிடிச்சு அனுப்பினோம். தொட்டி சுத்தம், மத்த தெருவெல்லாம் சுத்தம், நம்ம தெருவுல மட்டும் கெட்டிருக்கு. ஒவ்வொரு வீட்டுக் குழாயா பார்த்துக்கிட்டே வந்தா, கடைசியில நம்ம வீட்டுப் பின்பக்கம்டி! அப்பா செடிக்கு எரு கரைச்சு வச்சிருக்கிற டிரம்முக்குள்ள ரப்பர் டியூப் முங்கிக் கிடக்கு, குழாய் திறந்தே இருக்கு. பாட்டில்ல தண்ணி பிடிச்சதுக்கு முந்தின நாள் லீக் அடைக்க நான் தெரு வால்வை மூடினப்போ, காலியான குழாய் அந்த எருத்தண்ணியை அப்படியே உறிஞ்சி இழுத்திருக்கு. அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தா, நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா செடியைப் பார்த்தார்.

காரணம் தெரியலைன்னு எழுதிடுங்க, உங்க மானமாவது மிஞ்சும்னார் தலைவர். ஒரு நிமிஷம் மனசு ஊசலாடத்தான் செஞ்சுது, உன்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன. ஆனா அப்படி எழுதினா இன்னும் எத்தனை வீட்டுல டியூப் முங்கிக் கிடக்குன்னு யாரு போய்ப் பார்ப்பா? தண்ணி ஆபரேட்டரான என் வீட்டுக் குழாய்தான் காரணம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். அப்பா ரெண்டு நாள் என்கிட்ட பேசவே இல்லை. மூணாவது நாள் சட்டையை மாட்டிக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்கி, தப்பு என்னுது, மன்னிச்சுக்கங்க, உங்க டியூபையும் கொஞ்சம் பாருங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கார். எட்டு வீட்டுல அதே கதைதானாம்.

குழாயெல்லாம் குளோரின் போட்டுக் கழுவி விட்டாச்சு, தண்ணி திரும்பி வராம இருக்க அந்த ஒன்பது குழாய்க்கும் வால்வு மாட்டியாச்சு. ரெண்டு தடவை பரிசோதிச்சும் சுத்தம்னு நேத்து எழுதிக் கொடுத்துட்டாங்க, குழந்தைக்கும் ஒரு குறையும் இல்லை, எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு. ஒட்டினதைக் கிழிக்கப் போனேன், குழந்தையோட அம்மா குழாய்ல ஒரு டம்ளர் பிடிச்சு, முதல்ல நீங்க குடிங்கக்கான்னு நீட்டினா. கோவமா விளையாட்டான்னு தெரியலை. சொட்டு விடாம குடிச்சேன். அதே டம்ளர்ல இன்னொண்ணு பிடிச்சு அவளும் குடிச்சா.

நீ இருக்கிற கட்டடத்துல தண்ணித் தொட்டியை எப்பக் கழுவினாங்கன்னு கேளு, வெக்கப்படாதே. நோய்நொடி இல்லாம நூறு வருஷம் இருடா கண்ணு.

இப்படிக்கு,
இன்னைக்குத்தான் நிம்மதியா உட்கார்ந்திருக்கிற
உன் அம்மா